மலையோடைப் பூச்சிகள் ஏன் பிடியை விடுகின்றன, மேலோடை ஏன் காலியாவதில்லை?

மலையோடையில் கல்லுக்கடியில் வாழும் பூச்சிகள் நாள்தோறும் நீரோடு கீழே போகின்றன என்று படித்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீரின் வேகம் தாங்காமல் அவை அடித்துச் செல்லப்படுகின்றனவா, தாமாகவே போகின்றனவா? தினமும் இப்படிக் கீழே போய்க்கொண்டிருந்தால் ஓடையின் மேல்பகுதி எப்போதோ காலியாகியிருக்க வேண்டாமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: வெள்ளக் காலத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நீரோடு போகிற பூச்சிகளில் நிறைய தாமே பிடியை விட்டவை. பசி, எதிரி, வெளிச்சம் இந்த மூன்றையும் பொறுத்து எப்போது விடுவது, எப்போது ஒட்டிக்கொண்டிருப்பது என்பது மாறுகிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். அதற்கு முன் இந்தப் பூச்சிகள் யார், எப்படி வாழ்கின்றன என்று பார்த்துவிடலாம். அது தெரியாமல் மற்றது விளங்காது.

ஏதாவது ஒரு மலையோடையில், தண்ணீர் கணுக்கால் அளவுக்குச் சலசலத்து ஓடும் இடத்தில், இரண்டு கைப்பிடி அளவுள்ள ஒரு கல்லை மெதுவாகத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். வழவழப்பான அடிப்பக்கத்தில் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் சில உயிர்கள் வெளிச்சம் படாத ஓரத்தை நோக்கிப் பக்கவாட்டில் ஓடும். வயிற்றின் இரு பக்கமும் சின்னச் சின்ன இலைகள் வரிசையாக முளைத்ததுபோல் செவுள்கள் தெரிந்தால் அது மேஃப்ளையின் இளம்பூச்சி. காலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கால் நுனியிலும் ஒரே ஒரு நகம் இருக்கும். வயிற்றின் பக்கங்களில் அந்த இலைச் செவுள்கள் இல்லாமல், ஒவ்வொரு காலிலும் இரண்டு நகங்கள், பின்னால் இரண்டு நீண்ட வால்கள், முன்னால் நீண்ட உணர்கொம்புகள் என்றிருந்தால் அது ஸ்டோன்ஃப்ளை. வாலை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள். மேஃப்ளைக்கு மூன்று வால் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும், ஆனால் இரண்டே வால் உள்ள மேஃப்ளைகளும் நிறைய உண்டு. கல்லின்மேல் மணலும் பொடிக்கற்களும் ஒட்டிய சிறு குழாய் ஒன்று ஊர்ந்து போனால் அதற்குள்ளே கேடிஸ்ஃப்ளையின் புழு இருக்கிறது. கல்லின் மேற்பக்கத்தில், தண்ணீர் மிக வேகமாக வழுக்கி ஓடும் இடத்தில் கரும்புள்ளிகளாகக் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பவை பிளாக்ஃப்ளை புழுக்கள்.

இவற்றுக்கெல்லாம் சாப்பாடு கல்லின்மேல்தான். கல்லின் மேற்பரப்பில் படியும் மெல்லிய பாசிப் படலத்தைச் சுரண்டித் தின்பவை சில. உதிர்ந்த இலைகளைக் கடிப்பவை சில. ஸ்டோன்ஃப்ளைகளில் பல மற்றப் பூச்சிகளை வேட்டையாடும். பிளாக்ஃப்ளையும், வலை கட்டும் கேடிஸ் இனங்களும் மட்டும் இருந்த இடத்திலிருந்தே நீர் கொண்டுவருவதை வடிகட்டிச் சாப்பிடும்.

இத்தனை வேகத்தில் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது தனிக் கதை. இந்திய விலங்கியல் அளவைத் துறையின் சுந்தர் லால் ஹோரா, காட்டாற்று உயிர்களின் உடலமைப்பைப் பற்றி 1930இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிய விரிவான கட்டுரை இந்தத் துறையின் ஆரம்பகால அடித்தளங்களில் ஒன்று. அருவிப் பாறைகளில் வாழும் பிளெஃபாரிசெரிட் என்ற ஈக்குடும்பத்தின் புழுவுக்கு வயிற்றின் அடியில் ஒரே வரிசையில் ஆறு உறிஞ்சிகள் இருக்கின்றன. சிலவற்றை விட்டுவிட்டு உடம்பை நகர்த்தி, மறுபடி பதித்து, பிறகு மற்றவற்றை விட்டு என்று அருவி நீருக்குள்ளேயே பக்கவாட்டில் நகரும். பிளாக்ஃப்ளை புழு முதலில் கல்லின்மேல் பட்டு நூலால் ஒரு சிறிய மெத்தை பின்னி, பின்பக்கத்துக் கொக்கிகளை அதில் மாட்டிக்கொள்ளும். தொந்தரவு வந்தால் கொக்கியை விடுவித்துவிட்டு, நூலின் நுனியில் நீரோட்டத்தில் தொங்கும். ஆபத்து போனபின் அந்த நூலைப் பிடித்தே ஏறி வந்துவிடும்.

தட்டையான உடம்புள்ள மேஃப்ளைகளைப் பற்றி ஒரு விளக்கம் வெகுகாலம் சொல்லப்பட்டு வந்தது. கல்லை ஒட்டி நீர் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும் ஒரு மெல்லிய அடுக்கு உண்டு, தட்டையாக இருப்பதால் இவை அதற்குள் ஒளிந்துகொள்கின்றன என்பார்கள். இன்றும் பல இடங்களில் அப்படியே எழுதுகிறார்கள். ஸ்டாட்ஸ்னர், ஹோல்ம் என்ற இருவர் 1982இல் லேசர் கருவியால் பூச்சியின் உடம்பைச் சுற்றி நீரின் வேகத்தை அளந்தார்கள். விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. பூச்சியின் முதுகுக்கு மிக அருகிலேயே வேகம் இருக்கிறது. தட்டையான உடம்பின்மேல் வேகமாக நீர் ஓடும்போது அதை மேலே தூக்கும் விசையும் பிறக்கிறது. ஆகவே தட்டை உடம்பு முழுப் பாதுகாப்பு தருவதாகச் சொல்ல முடியாது. கல் இடுக்கில் நுழைய அது வசதி, நீரின் நேரடித் தள்ளலும் குறையும், பதிலுக்கு மேலே தூக்கப்படும் அபாயத்தை நகங்களால் சமாளிக்க வேண்டும். ஒவ்வொரு உடலமைப்பும் இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியதுதான் என்பது என் எண்ணம்.

சரி, இவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவை ஏன் நீரில் போகின்றன?

ஓடைக்குக் குறுக்கே ஒரு வலையை வைத்து, நீரோடு வருவதைப் பிடித்து எண்ணுவதுதான் இந்த ஆய்வின் அடிப்படை முறை. வட ஸ்வீடனின் ஓடைகளில் வேலை செய்த கார்ல் முல்லர் 1954இல், இப்படிக் கீழே போகும் எண்ணிக்கை எவ்வளவு பெரியது என்பதைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்து வந்த திருப்பம்தான் முக்கியம். ஜப்பானில் தனாகா 1960இல், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தாமஸ் வாட்டர்ஸ் 1962இல், வலையைச் சில மணி நேரத்துக்கொரு முறை எடுத்துப் பார்த்துத் தனித்தனியாக எண்ணினார்கள். பகல் முழுக்க வலையில் கொஞ்சமே விழுகிறது. சூரியன் மறைந்து இருட்டியதும் எண்ணிக்கை திடீரென்று பல மடங்கு ஏறுகிறது. இரவில் மெல்லக் குறைந்து, சில ஓடைகளில் விடியலுக்கு முன் இன்னொரு சிறிய ஏற்றம் காட்டி, வெளிச்சம் வந்ததும் விழுந்துவிடுகிறது.

இதை ஒரு நிமிடம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். தண்ணீரின் வேகம் பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நீர் வலுவில் பிடுங்கிக்கொண்டு போவதுதான் காரணம் என்றால் வலையில் விழும் எண்ணிக்கையும் நாள் முழுக்க ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? வெளிச்சம்தான் இதை ஆட்டுவிக்கிறது என்பதற்கு வேறு சான்றுகளும் வந்தன. நிலவொளி மிகுந்த இரவுகளில் நீரில் போகும் பூச்சிகள் குறைந்துவிடுகின்றன என்று ஆரிகனில் ஆய்வு செய்த நார்மன் ஆண்டர்சன் 1966இல் எழுதினார். இரவில் ஓடைமேல் செயற்கை வெளிச்சம் போட்டாலும் அப்படியே குறைகிறது.

எல்லாப் பூச்சிகளும் இரவு ஆட்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கைரோனோமிட் என்னும் சிறு கொசுவினப் புழுக்கள் பல நேரம் காலம் பார்ப்பதில்லை. பகலில் அதிகம் போகும் கேடிஸ் இனங்களும் உண்டு. மேஃப்ளைகளில் பேட்டிஸ் என்னும் இனமும் அதன் உறவுகளும்தான் இரவுப் பழக்கத்துக்குப் பெயர் போனவை. அவற்றிலும் பெரிய இளம்பூச்சிகள்தான் இருட்டுக்காகக் கண்டிப்பாகக் காத்திருக்கும். சின்னவை பகலிலும் போகும். இந்தப் பெரியது சிறியது வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விடை அதில்தான் இருக்கிறது.

மலையோடையில் ட்ரவுட் மீன் சாப்பிடும் விதம் இது: நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து ஒரே இடத்தில் நிற்கும். மேலிருந்து நீரில் வருவதைக் கண்ணால் பார்த்து, இரண்டடி முன்னேறிக் கவ்விவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பும். கண்ணை நம்பும் வேட்டை என்பதால் வெளிச்சம் வேண்டும், இரை கண்ணில் படுகிற அளவுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பூச்சி பகலில் போனாலும் மீனுக்குத் தெரிவதில்லை. முழுதாக வளர்ந்த எட்டு மில்லிமீட்டர் மேஃப்ளை பகலில் பிடியை விட்டால் உயிர் பிழைப்பது கடினம்.

இது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிரூபணம் வேண்டுமே. மீனே இல்லாத ஓடையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகள் அதற்கு வாய்ப்பாக அமைந்தன. அங்கே உயரமான பல ஓடைகளில் இப்படி நீரில் வரும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் மீன்கள் இயற்கையில் இல்லை. சில ஓடைகளில் மனிதர்கள் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மலையடிவார ஓடைகளிலோ பலவகை மீன்கள் ஆதியிலிருந்தே இருக்கின்றன. அலெக்சாண்டர் ஃப்ளெக்கர் வெனிசுலாவில் இந்த மூன்று வகை ஓடைகளையும் ஒப்பிட்டு 1992இல் முடிவுகளை வெளியிட்டார். மீன் இல்லாத ஓடைகளில் மேஃப்ளைகள் பகல் இரவு பார்க்காமல் போகின்றன. ட்ரவுட் சமீபத்தில் வந்த ஓடைகளில் லேசாக இரவுப் பக்கம் சாய்வு. பலவகை மீன்கள் காலங்காலமாக வாழும் ஓடைகளில் அப்பட்டமான இரவுப் பழக்கம். இந்த ஆய்வுக்குப் பிறகு, இரவில் போவதன் வேர் மீன் பயம்தான் என்பதை மறுப்பது கடினமாகிவிட்டது.

பயம் என்று சொன்னேன். பூச்சிக்கு மீன் இருப்பது எப்படித் தெரியும்? இதைத் துல்லியமாக ஆராய்ந்த இடம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஏறக்குறைய 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் காதிக் என்ற பழைய சுரங்க ஊர். 1928 முதல் அங்கே ராக்கி மலை உயிரியல் ஆய்வகம் இயங்குகிறது. பக்கத்தில் ஓடும் ஈஸ்ட் ரிவரில் ட்ரவுட் இருக்கிறது. அதில் வந்து சேரும் செங்குத்தான சில கிளையோடைகளில் மீன் ஏற முடியாததால் மீனே கிடையாது. இரண்டிலும் ஒரே மேஃப்ளை வாழ்கிறது, பெயர் பேட்டிஸ் பைகாடேட்டஸ், நான் மேலே சொன்ன இரட்டை வால் வகைகளில் ஒன்று. பார்பரா பெக்கார்ஸ்கி, ஆங்கஸ் மெக்கின்டோஷ், பிராட் டெய்லர் முதலானோர் பல ஆண்டுகள் இந்தப் பூச்சியோடு வேலை செய்தார்கள். அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது வாசனைச் சோதனை. மீனை ஓடையில் விடவில்லை. ட்ரவுட் வைத்திருந்த தொட்டியின் நீரை மட்டும், மீனில்லாத ஓடைக்குள் கலக்க விட்டார்கள். மீனின் மணம் கலந்த நீர் பட்டதும் பெரிய மேஃப்ளைகள் நீரில் போவதை மளமளவென்று குறைத்துக்கொண்டன. 2002இல் வெளிவந்த இன்னொரு சோதனையில் மீனில்லாத ஓடைகளுக்குள் இதே மணத்தைத் தொடர்ந்து விட்டார்கள். அங்கே வளர்ந்த மேஃப்ளைகள் சீக்கிரமாக, சிறிய உடம்போடேயே முதிர்ந்து ஓடையை விட்டுப் பறந்துபோயின. சிறிய உடம்பு என்றால் முட்டையும் குறைவு. ஒரு மீன்கூட அவற்றைத் தொடவில்லை, ஆனாலும் இவ்வளவு விலை கொடுத்திருக்கின்றன.

அப்படியானால் இரவு பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது. இரவில் இன்னோர் எதிரி கிளம்பும். வேட்டையாடும் ஸ்டோன்ஃப்ளைகளுக்குக் கண் அவ்வளவு முக்கியமில்லை. நீண்ட உணர்கொம்புகளால் துழாவிக்கொண்டே கல்லின்மேல் நடக்கும், கொம்பு எதையாவது தொட்டால் பாயும். இந்தத் தொடுகையின்போது வெவ்வேறு மேஃப்ளைகள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதை பெக்கார்ஸ்கி மிக அருகிலிருந்து கவனித்திருக்கிறார். எஃபெமெரெல்லா என்ற முரட்டு உடம்புக்காரி ஓடாது. தேள் கொடுக்கைத் தூக்குவதுபோல் வாலை முதுகுக்கு மேலே வளைத்துக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும், பல நேரம் ஸ்டோன்ஃப்ளை விட்டுவிட்டுப் போய்விடும். பேட்டிஸுக்கு அந்த வீரமெல்லாம் கிடையாது. கொம்பு பட்ட கணமே பிடியை விட்டு நீரில் குதித்துவிடும். இரவில் வலையில் விழும் பேட்டிஸில் ஒரு பங்கு இப்படித் தப்பி ஓடி வந்தவைதான்.

மிச்சம் பசிக் கணக்கு. பகலில் கல்லுக்கடியில் பதுங்கியிருக்கும் மேஃப்ளை இரவில் கல்லின் மேற்பக்கம் வந்து பாசியைச் சுரண்டுகிறது. மேற்பக்கம்தான் நீர் வேகமான இடம், அங்கே நடமாடும்போது கால் தவறி நீரில் விழுகிறது என்பது பழைய விளக்கம். ஸ்டீவன் கோலர் 1980களில் ஆய்வகக் கால்வாய்களில் செய்த சோதனைகள் இதை மாற்றின. பாசி நிறைந்த இடத்தில் பேட்டிஸ் தங்கியிருந்து மேய்கிறது. பாசி குறைந்த இடத்தில் இருந்தால் அலைகிறது, கடைசியில் பிடியை விட்டு நீரில் ஏறி அடுத்த இடத்துக்குப் போகிறது. அதாவது மேய்ச்சல் தீர்ந்தால் இடம் மாறுவதற்கு நீரோட்டத்தையே வாகனமாக வைத்துக்கொள்கிறது. நடந்து போனால் வெகுநேரம் ஆகும், வழியில் ஸ்டோன்ஃப்ளை வேறு காத்திருக்கும்.

ஆனால் கால் தவறுவது என்பதே கிடையாது என்றும் நான் சொல்ல மாட்டேன். இரண்டும் கலந்துதான் நடக்கிறது. பசியில் அலையும் பூச்சி வேகமான இடத்தில் அதிக நேரம் இருக்கும், அதனாலேயே சில தவறி விழும். தாமாக விட்டது எது, தவறி விழுந்தது எது என்று வலையில் கிடக்கும் ஒவ்வொரு பூச்சியையும் பார்த்துப் பிரிக்க வழியில்லை.

நீரில் ஏறியபின் என்ன ஆகிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கடல்வரை போய்விடுவதுபோல் ஒரு எண்ணம். உண்மையில் ஒரு பயணம் சில மீட்டர்கள், பத்து இருபது மீட்டர்கள் அளவில் முடிந்துவிடுகிறது. நீர் வேகமாக இருந்தால் கூடுதலாகப் போகும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் எலியட் 1971இல் வெளியிட்ட ஆய்வில், உயிருள்ள பேட்டிஸ் செத்த பூச்சியைவிட மிக விரைவில் தரைக்குத் திரும்பிவிடுகிறது. அதற்கு நீந்தத் தெரியும். மயிர் விளிம்பு கட்டிய வால்களையும் வயிற்றையும் மேலும் கீழுமாக அடித்து, தரையை நோக்கித் திரும்பி, கல் ஒன்று கிடைத்ததும் நகத்தை மாட்டிக்கொள்ளும். எந்த ஒரு நொடியிலும் நீரில் மிதந்துகொண்டிருப்பவை, தரையில் இருப்பவற்றில் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவு. ஓர் இரவு முழுக்க வலையில் விழுவதைப் பார்த்தால் ஏராளமாகத் தெரிவதற்குக் காரணம், அவ்வளவு தண்ணீர் அந்த வலை வழியாக ஓடியிருக்கிறது என்பதுதான்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒவ்வோர் இரவும் பத்து மீட்டர் என்றாலும், ஒரு பூச்சி மாதக்கணக்கில் நீரில் வளர்கிறது, தலைமுறை தலைமுறையாக இதே கதை. மேலோடை காலியாகத்தான் வேண்டும். முல்லர் சொன்ன விடை இது: இறக்கை முளைத்து வெளியே வந்ததும் பெண் பூச்சிகள் ஓடையோடு மேல்நோக்கிப் பறந்துபோய் முட்டையிடுகின்றன, குஞ்சுகள் வளர வளரக் கீழே வருகின்றன, மறுபடி மேலே பறக்கின்றன. அழகான சுழற்சி. ஆனால் வெறும் கண்ணால் பார்த்து நிரூபிப்பது கஷ்டம். ஓடைக்குமேல் வைத்த பொறியில் மேல்நோக்கிப் பறந்தவை ஒரு நாள் அதிகம், கீழ்நோக்கிப் பறந்தவை இன்னொரு நாள் அதிகம். காற்று அடிக்கும் பக்கம் எல்லாம் மாறிவிடும்.

அலாஸ்காவின் குபாருக் ஆற்றில் ஆன் ஹெர்ஷியும் உடன் வேலை செய்தவர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நைட்ரஜன் 15 என்ற, கதிர்வீச்சு இல்லாத கனமான நைட்ரஜனை ஆற்றின் ஓர் இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அதற்குக் கீழே இருக்கும் பாசி அதை எடுத்துக்கொள்ளும், பாசியைத் தின்னும் பேட்டிஸின் உடம்பில் அது ஏறும். மேலே இருப்பவற்றின் உடம்பில் இருக்காது. பிறகு இறக்கை முளைத்த பூச்சிகளை, சொட்டு விட்ட இடத்துக்கு மேலே பிடித்துச் சோதித்தார்கள். 1993இல் வெளியான முடிவின்படி, வளர்ந்த பேட்டிஸில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை, தாம் வெளிவந்த இடத்திலிருந்து 1.6 முதல் 1.9 கிலோமீட்டர் மேலே பறந்து போயிருந்தன. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டோடைகளில் ஸ்டோன்ஃப்ளையை வைத்து இதே முறையில் பார்த்தபோதும் மேல்நோக்கிய பயணமே மிகுந்திருந்தது.

ஆனால் எல்லா இனமும் மேல்நோக்கிப் பறந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாட்டர்ஸ் வேறு பக்கத்திலிருந்து வந்தார். ஒரு பெண் மேஃப்ளை நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது, அந்தக் கல்வெளி தாங்கக்கூடியது அதில் ஒரு சிறு பங்குதான், கீழே போவது மிகுதியாகப் பிறந்த கூட்டம் என்றார். அவை போனாலும் மேலே இடம் நிறைந்தே இருக்கும். அதோடு, கூட்டம் குறைந்தால் இருப்பவற்றுக்குச் சாப்பாடு கூடும், பிழைப்பவை கூடும், இழப்பு சரியாகிவிடும் என்று 1995இல் பிராட்லி ஆன்ஹோல்ட் கணித மாதிரியால் காட்டினார். 2002இல் ஹம்ஃப்ரீஸ், ரக்ஸ்டன் இருவரும் இன்னும் எளிதாக்கினார்கள். தரையில் ஊரும் பூச்சிகள் முன்னும் பின்னும் அலையும்போது சிலவாவது சிறிது தூரம் மேல்நோக்கி ஊர்ந்துவிட்டாலே போதும், மேலோடை காலியாகாது என்று அவர்கள் கணக்கு சொல்கிறது. என் பார்வையில் இந்தப் பிந்தைய விளக்கங்களே அடிப்படை. மேல்நோக்கிப் பறப்பது அதற்குமேல் கிடைக்கும் பலம்.

பறந்து போகும் பெண் எங்கே இறங்குகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. காதிக் ஓடைகளில் பேட்டிஸ் பைகாடேட்டஸ் பெண் கண்ட இடத்தில் முட்டை போடாது. நீருக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய கல் ஒன்றைத் தேடி இறங்கும். இறக்கைகளை முதுகோடு மடித்துக்கொண்டு, கல்லைப் பிடித்தபடியே நடந்து நீருக்குள் இறங்கி, அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒன்றை ஒன்று ஒட்டி ஒரே அடுக்காக வைக்கும். அதோடு அதன் வாழ்க்கை முடிந்தது. பனி நிறைய உருகி நீர்மட்டம் உயர்ந்த ஆண்டில் தலை நீட்டும் கற்கள் குறைவு, முட்டையிடும் இடமும் குறைவு. ஆகவே ஓர் ஓடைப் பகுதியில் அடுத்த தலைமுறை எவ்வளவு என்பதை, முந்தைய இரவுகளில் எத்தனை பூச்சி நீரில் போயின என்பதைவிட, முட்டையிடும் காலத்தில் எத்தனை கல் வெளியே தெரிந்தன என்பது அதிகம் தீர்மானிக்கக்கூடும். பாலம் கட்ட, தடுப்பணை கட்ட, குளிக்கும் இடம் அமைக்க என்று ஓடையின் பெரிய கற்களை வாரி எடுப்பவர்கள் இதை அறிய வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

இதுவரை சொன்னது சாதாரண நாள்களின் கதை. வெள்ளத்தில் இந்த ஒழுங்கெல்லாம் அடிபட்டுவிடும். தண்ணீர் ஏறி, அடிக்கற்களே உருளத் தொடங்கினால் எந்த நகமும் எந்த உறிஞ்சியும் தாங்காது. சில பூச்சிகள் கற்களுக்கிடையே ஆழமாக, சரளைக்குள் இறங்கி ஒளிகின்றன, சில ஓரத்து மந்த நீருக்கு ஒதுங்குகின்றன, மற்றவை போய்விடுகின்றன. வெள்ளம் வடிந்த பின் மேலிருந்து நீரில் வருபவைதான் வெறுமையான கற்களில் முதலில் குடியேறுகின்றன. அந்த வகையில் இந்த மிதப்பே ஓடையைத் திரும்ப நிரப்பும் வழியாகவும் இருக்கிறது.

மலையோடைப் பூச்சி வெள்ளத்துக்குப் பழகியது. நீர்மின் நிலையம் மின்தேவைக்கேற்பத் தண்ணீரைத் திடீரென்று திறந்து, சில மணி நேரத்தில் மூடுவதற்கு அது பழகவில்லை. இயற்கை வெள்ளம் ஏறுவதற்குக் கொஞ்சமாவது அவகாசம் தரும். மதகு திறந்தால் நிமிடங்களில் வேகம் கூடுகிறது, ஒதுங்க நேரமில்லை. மூடியதும் கல்லோரத்தில் இட்ட முட்டைகள் காய்கின்றன. ஆல்ப்ஸ் மலை ஓடைகளில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். நீரை ஒரே மூச்சில் திறக்காமல் படிப்படியாக ஏற்றுவது என்பது அங்கே பேசப்படும் முக்கியமான தீர்வுகளில் ஒன்று. பூச்சிமருந்தும் அப்படித்தான். கொல்லாத அளவுக்குக் குறைவாகக் கலந்தாலும் மேஃப்ளைகள் கூட்டமாகப் பிடியை விட்டுவிடும். நல்ல வெயில் நேரத்தில், வெள்ளமும் இல்லாமல், உங்கள் வலையில் பெரிய மேஃப்ளைகள் குவிந்தால் மேலே ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகிப்பது நியாயம்.

நம் பக்கத்து மலைகளிலும் இதைப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பேட்டிஸின் உறவினர்கள், தட்டை மேஃப்ளைகள், ஸ்டோன்ஃப்ளைகள், அருவிப் பாறையில் ஒட்டும் அந்த ஆறு உறிஞ்சிப் புழுக்கள் எல்லாமே உண்டு. மதுரையில் மதுரைக் கல்லூரியைச் சேர்ந்த கே. ஜி. சிவராமகிருஷ்ணன் தென்னிந்திய மேஃப்ளைகளைப் பற்றிப் பல காலம் ஆராய்ந்தவர். நீலகிரியின் மேட்டு ஓடைகளில் ஆங்கிலேயர் காலத்தில் ட்ரவுட் கொண்டுவந்து விடப்பட்டதும் தெரிந்த கதை. வெனிசுலாவில் கேட்ட கேள்வியை அங்கேயும் கேட்கலாம்: ட்ரவுட் ஏறிய ஓடையிலும் ஏறாத ஓடையிலும் பூச்சிகளின் இரவுப் பழக்கம் ஒன்றாக இருக்கிறதா? ஆய்வு மாணவர் யாராவது இதைப் படித்தால் எடுத்துச் செய்யலாம்.

நீங்களே ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டால் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மழையில்லாத காலத்தில், ஊருக்கு அருகே, யானை நடமாட்டமில்லாத, வனத்துறை தடையில்லாத ஓடையாகத் தேர்ந்தெடுங்கள். தனியாகப் போக வேண்டாம். சட்டத்தில் கட்டிய, நீளமான பை போன்ற நுண்வலை ஒன்றை, சலசலப்பு முடிந்து நீர் மடுவில் விழும் இடத்துக்குச் சற்று மேலே இரண்டு கம்பிகளில் கட்டி நிறுத்துங்கள். மாலை நாலு மணிக்கு அரை மணி நேரம், இருட்டிய பிறகு அரை மணி நேரம் வைத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். இரவு முழுக்க விட்டுவிட்டால் இலையும் குப்பையும் அடைத்து, நீர் வலைக்குள் போகாமல் ஓரமாகச் சுற்றிப் போய்விடும். டார்ச் முகப்பில் சிவப்பு செலோஃபேன் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் இவற்றை அவ்வளவாகக் கலைப்பதில்லை. வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணிவிட்டு, உடனே கீழ்ப்பக்க நீரில் விட்டுவிடுங்கள். எண்ணிக்கையோடு, வலையின் வாயில் நீரின் வேகத்தையும் ஒரு மிதக்கும் இலையை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வாயின் பரப்பு, வேகம், வைத்த நேரம் மூன்றையும் பெருக்கினால் எவ்வளவு நீர் வலை வழியாகப் போனது என்று கிடைக்கும். நூறு கன மீட்டருக்கு எத்தனை பூச்சி என்று மாற்றி எழுதினால்தான் மாலைக் கணக்கையும் இரவுக் கணக்கையும், உங்கள் ஓடையையும் இன்னோர் ஓடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.